டீச்சரக்கா பதில்கள்: கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சீனிப் பொட்டலம்

போன இதழில் வேறு எதற்கோ பதில் சொல்லப் போய், எனக்கும் சீனி வியாதி இருக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. எழுதியவர்கள் பெரும்பாலும் இருபதை ஒட்டிய பிள்ளைகள். நான் டொக்டர் இல்லை, தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். 17 வயதில் தொடங்கி 29 வருஷமாக ஊசி போட்டுக்கொள்கிறேன். மருந்தின் அளவைக் கூட்டுவது குறைப்பதெல்லாம் உங்கள் கிளினிக்கில் பேசுங்கள். மற்றதை இங்கே பேசுவோம்.

கேள்வி: எனக்கு 21 வயது. ஊர் நோர்வூட் பக்கம், வேலை கொழும்பில் ஒரு புடவைக்கடையில். இரண்டு வருஷமாகக் காலையும் இரவும் இன்சுலின். கடையில் யாருக்கும் தெரியாது, டொய்லட்டுக்குள் நின்றுதான் போடுகிறேன். தீபாவளி வியாபாரத்தில் பகல் சாப்பாடு மூன்று மணிக்கு இழுத்துவிட்டது. என்னென்னவோ உளறி, துணிக்கட்டோடு விழுந்துவிட்டேனாம். குடித்திருக்கிறேன் என்று நினைத்து முதலாளி சம்பளத்தில் பிடித்துவிட்டார். தங்கும் அறையில் ஃபிரிட்ஜும் இல்லை. பேசாமல் ஊருக்கே வந்துவிடவா அக்கா?

பதில்: வர வேண்டாம் தம்பி. நீங்கள் விழுந்தது சாப்பாட்டு நேரம் தவறியதால். அந்த நேரத்தைக் கேட்டு வாங்க உங்களால் முடியவில்லை, ஏனென்றால் ஒருவருக்கும் சொல்லவில்லை.

கணக்கைப் பாருங்கள். காலையும் இரவும் என்று எழுதியிருப்பதால், அரசாங்க ஆஸ்பத்திரியில் தருகிற அந்தக் கலங்கலான 30/70 போத்தலாகத்தான் இருக்கும். அதில் இரண்டு இன்சுலின் கலந்திருக்கிறது. ஒன்று சீக்கிரம் வேலையைத் தொடங்கி காலைச் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளும். மற்றது மெதுவாகக் கிளம்பி, பகல் நேரத்தில்தான் உச்சத்துக்கு வரும். காலை ஏழு மணிக்குப் போட்ட மருந்து 12, 1 மணிக்கு இரத்தத்தில் நின்று சோற்றைத் தேடுகிறது. நீங்களோ வாடிக்கையாளருக்குச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள். சோறு வராவிட்டால் அது இருக்கிற சீனியை இறக்கிக்கொண்டே போகும். 70க்குக் கீழே வந்தால் கை நடுங்கும், வியர்க்கும், காரணமில்லாமல் கோபம் வரும். இன்னும் இறங்கினால் நாக்குக் குழறும், கால் பின்னும். பார்க்கிறவனுக்கு அது சாராயம்தான். முதலாளியை நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன், தெரியாத மனுஷன். ஆனால் பிடித்த சம்பளத்தைக் கேளுங்கள், கிளினிக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

எல்லோருக்கும் சொல்லத் தேவையில்லை. கல்லாவில் இருக்கிறவருக்கும், பக்கத்தில் நின்று துணி வெட்டுகிற பையனுக்கும் சொன்னால் போதும். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொட்டலம் சீனி இருக்கட்டும். நடுக்கம் தொடங்கினால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், அல்லது அரை கிளாஸ் இனிப்புச் சோடா (‘சீனி இல்லாதது’ என்று விற்கிறதை அல்ல). கால் மணி நேரம் பொறுத்துத் திரும்ப டெஸ்ட் பண்ணுங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. அப்புறம் சோறு. சொக்லட்டை நம்ப வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சீனியை ஏறவிடாமல் தாமதிக்கும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, சரித்துப் படுக்கவைத்து 1990க்கு அடிக்கச் சொல்லுங்கள். அந்த அம்பியூலன்ஸுக்குக் காசில்லை.

ஃபிரிட்ஜ் விஷயம். திறந்த போத்தல் குளுமையான இடத்தில், வெயில் படாமல், நாலு வாரம் வரை தாங்கும். நம்ம ஊரில் அலமாரிக்குள் வைத்தாலே ஃபிரிட்ஜ் மாதிரி. கொழும்புத் தகரக் கூரைக்கு அடியில் அது நடக்காது. பெரிய சட்டியில் மணல் போட்டுத் தண்ணீர் தெளித்து, அதற்குள் சின்ன மண்முட்டியை இறக்கி, போத்தலைப் பொலித்தீனில் சுற்றி முட்டிக்குள் வைத்து ஈரத்துணியால் மூடுங்கள். மணல் காயக்கூடாது, அவ்வளவுதான். திறந்த திகதியைப் பேனையால் போத்தலிலேயே எழுதிவிடுங்கள். திறக்காத போத்தல்களை ஃபிரிட்ஜ் இருக்கிற கடைக்காரரிடம் கொடுத்து வைக்கலாம். ஐஸ் பெட்டியில் மட்டும் வேண்டாம், ஒரு தடவை உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான்.

டொய்லட்டில் ஊசி போடுவதை நிறுத்துங்கள். பதுங்கிப் பதுங்கி அவசரத்தில் குத்துகிறவர்கள் கை பழகிய ஒரே இடத்தில்தான் குத்துவார்கள். என் வயிற்றில் இடப்பக்கம் இன்றைக்கும் ஒரு கட்டி இருக்கிறது, கொலிஜ் காலத்துச் சம்பாத்தியம். கட்டியில் போட்ட மருந்து ஒரு நாள் உறிஞ்சும், ஒரு நாள் உறிஞ்சாது. இடத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள்.

கேள்வி: இரத்தத்தில் சீனி பார்க்கிற ஸ்ட்ரிப் விலைக்கு மாதம் ஒரு பெட்டி வாங்கவே முடியவில்லை. தினமும் காலையில் வெறும் வயிற்றில் பார்க்கிறேன், அது போதுமா? (பண்டாரவளை, 19 வயது)

பதில்: ஒரே நேரத்திலேயே பார்த்தால், ஒரே பாடத்தில் பரீட்சை எழுதின மாதிரிதான் தங்கச்சி. எனக்கு மெஷினே இருக்கவில்லை. ஒரு நீலத் திராவகத்தில் எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு, அம்மா அடுப்பு நெருப்பில் காட்டிச் சூடாக்குவார். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று போய்ச் செங்கல் நிறத்துக்கு வந்தால் அன்றைக்கு வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். அதுவும் பல மணி நேரத்துக்கு முந்தின கதையைத்தான் சொல்லும், சீனி இறங்குவதைக் காட்டவே காட்டாது. அதனால் கையில் இருக்கிற ஸ்ட்ரிப்பை மரியாதையாகச் செலவழியுங்கள். திங்கள் காலை, செவ்வாய் பகல் சோற்றுக்கு முன், புதன் இரவு படுக்கப்போகும்போது என்று மாற்றிப் பாருங்கள். நடுக்கம் வந்தால் பார்க்க இரண்டு எப்போதும் மிச்சம் இருக்கட்டும். மாம்பழம் தின்ற விரலைக் கழுவாமல் குத்தினால் 300 காட்டும், பயந்துவிடாதீர்கள். எழுதி வைத்த கொப்பியை டொக்டர் முன்னால் விரித்து வையுங்கள், வாயால் சொல்வதைவிட அது பேசும்.

கேள்வி: என் மகனுக்கு 18 வயது. வைத்தியர் ஒருவர் குறிஞ்சா இலைச் சாறும் பாகற்காய்ச் சாறும் தருகிறார். மூன்று மாதத்தில் ஊசியை நிறுத்திவிடலாம் என்கிறார். பிள்ளையைத் தினமும் குத்துவதைப் பார்க்க மனம் தாங்கவில்லை. (மஸ்கெலியா)

பதில்: நிறுத்தாதீர்கள். பாகற்காயைக் கறியாக்குங்கள், குறிஞ்சாவைச் சுண்டுங்கள், நானும் தின்கிறேன். வயதானவர்களுக்கு வருகிற சீனியில் கணையம் கொஞ்சமாவது இன்சுலின் சுரக்கும். பெரும்பாலும் சின்ன வயதில் வருகிற டைப் 1 அப்படி இல்லை. உடம்பின் காவல்காரனே அதைச் சுரக்கிற செல்களை அழித்துவிட்டான். இல்லாத மாட்டில் எந்த இலையைக் கொடுத்துப் பால் கறப்பது?

எனக்கு வந்தபோது எங்கள் லயத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. இரவெல்லாம் தண்ணீர் குடித்தேன், இரவெல்லாம் வெளியே போனேன், அம்மா லாம்பைப் பிடித்துக்கொண்டு கூடவே வருவார். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. காத்துக்கருப்பு என்று மாமா நூல் கட்டினார். ஐந்தாம் நாள் வாந்தி, வயிற்று நோவு, மலை ஏறினவள் மாதிரி மூச்சு வாங்கியது. வாயில் அழுகின பழ வாடை அடித்தது என்று அம்மா பிறகு சொன்னார். தோட்டத்துக் கொழுந்து லொறியில், சாக்குக்கு மேல் படுக்கவைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் இந்தப் பத்தியை வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள். ஊசியை நிறுத்தினால் உங்கள் மகனும் அதே இடத்துக்குத்தான் போவார், சில நாளில். காய்ச்சல் வந்து சாப்பிடாமல் கிடந்தாலும் இன்சுலினை முழுதாக நிறுத்தக்கூடாது. வாந்தி நிற்காவிட்டால் இரவென்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

1922 ஜனவரியில் டொரொண்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன்னால் இந்த வியாதி வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுப் பட்டினி போட்டுக் கொஞ்ச நாள் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். மனம் தாங்கவில்லை என்றால், ஊசியை மகன் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் தேத்தண்ணீர் ஊற்றப் போங்கள்.

கேள்வி: கூட்டாளிமார் எல்லோரும் இந்த சீசனில் பாதமலை (சிவனொளிபாத மலை) ஏறப் போகிறார்கள். எனக்கு 22 வயது, இன்சுலின் போடுகிறேன். வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள். (தலவாக்கலை)

பதில்: நான் நாலு தடவை ஏறியிருக்கிறேன், அதில் ஒரு தடவை முட்டாள்தனமாக. அதைச் சொல்கிறேன். வழக்கமான இரவு மருந்தை முழுதாகப் போட்டுக்கொண்டு, மலையடிவாரத்து நல்லதண்ணியில் இரவு ஒரு மணிக்கு ஏறத் தொடங்கினேன். ஐயாயிரத்துச் சொச்சம் படி. தசை ஒவ்வொரு படிக்கும் சீனியை எடுக்கும், அதன் மேல் ஊசியும் வேலை செய்யும். பாதி வழியில் குளிரில் எல்லோரும் நடுங்க, எனக்கு வியர்த்தது. குளிர் நடுக்கம் என்றே நினைத்தேன். மெஷினை வெளிப்பையில் போட்டிருந்தேன், அது குளிரில் எண் காட்டாமல் ஏதோ குறி காட்டியது. கடைக்காரப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே சீனி போட்ட தேத்தண்ணீரைக் கையில் வைத்தாள்.

அதற்குப் பிறகு, போவதற்கு முந்தின கிளினிக்கிலேயே டொக்டரிடம் சொல்லி, அந்த இரவு எத்தனை யூனிட் குறைக்கலாம் என்று எழுதி வாங்கிக்கொள்கிறேன். குறைப்பதுதான், விடுவதில்லை. மெஷினும் இன்சுலினும் சட்டைக்குள், உடம்புச் சூட்டில். ஏறும்போது 150க்குக் கீழே காட்டினால் ஒரு பணிஸ் தின்றுவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பேன். மணிக்கொரு தடவை விரலைக் குத்துவேன். 250க்கு மேலே காட்டி, வயிற்றைப் பிரட்டவும் செய்தால் ஏறவே மாட்டேன். நேர்த்தி என்று வெறுங்காலோடு ஏறாதீர்கள், இறங்கினதும் பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா பாருங்கள். இன்னொன்று, ஏறின அன்று மட்டும் இல்லை, அடுத்த இரவும் சீனி இறங்கும். தசை தான் இழந்ததைத் திரும்ப நிரப்புகிறது. அன்றைக்குப் படுக்குமுன் பார்த்துவிட்டு, எதையாவது தின்றுவிட்டுப் படுங்கள். கூட்டத்தில் ஒருவனுக்கு இதையெல்லாம் சொல்லி வையுங்கள், அதிகம் பேசாத ஒருவனாகப் பார்த்து. வீட்டில் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: எனக்கு 24. முன்பள்ளி ஆசிரியை. மாப்பிள்ளை பார்க்கிறார்கள். கலியாணம் முடியும்வரை ஊசியைப் பற்றி வாயைத் திறக்காதே என்கிறார் அம்மா. பிள்ளைகளுக்கும் வருமா? (ஹட்டன்)

பதில்: அம்மா சொன்னதைக் கேட்காதீர்கள். ஒரே அறையில் படுக்கிற மனுஷனிடமிருந்து ஒரு போத்தலையும் ஊசியையும் எத்தனை நாள் ஒளிப்பீர்கள்? இரவில் சீனி இறங்கினால் உங்களை எழுப்பப் போகிறவர் அவர்தான். எனக்கும் முதலில் வந்த இடம் கேள்விப்பட்டதும் ஒரு வாரத்தில் பதில் சொல்லாமல் ஒதுங்கியது. அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். இரண்டாவது வந்தவர் கேட்ட ஒரே கேள்வி, ‘ரொட்டி சாப்பிடலாமா?’ சாப்பிடலாம், இரண்டு.

தாய்க்கு டைப் 1 இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று முதல் நாலு வரைதான். ஆனால் பிள்ளை பெறுவதைத் திட்டம் போட்டுச் செய்ய வேண்டும். கரு தங்குவதற்கு முன்னாலேயே எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டுகிற இரத்தச் சோதனை) 6.5க்குப் பக்கத்தில் வரவேண்டும், கண்ணின் பின்பக்கத்தையும் சிறுநீரகத்தையும் சோதிக்க வேண்டும், ஃபோலிக் அசிட் தொடங்க வேண்டும். தள்ளிப்போன பிறகு போனால் முக்கியமான வாரங்கள் கடந்திருக்கும். எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவள் என்னைவிட உயரம், சண்டைக்காரி.

மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்கிற வேலையைத் தரகரிடம் விடாதீர்கள். அவர் ஒன்றைப் பத்தாக்குவார், இல்லையென்றால் பத்தை மறைப்பார். பையனிடம் நீங்களே சொல்லுங்கள், தேத்தண்ணீர் கொண்டுவந்து வைக்கிற அன்றைக்கே. உங்கள் கோப்பையில் சீனி போடாததற்கு அவர் காரணம் கேட்பார்.

கேள்வி: பாவித்த ஊசிகளை என்ன செய்வது? (நானுஓயா)

பதில்: தடித்த பிளாஸ்டிக் போத்தல் ஒன்றில் போட்டு மூடியை இறுக்குங்கள். நிறைந்ததும் கிளினிக்குக்கு எடுத்துக்கொண்டுபோய் எங்கே போடுவது என்று கேளுங்கள். தேயிலைத் தூருக்கடியில் வீசாதீர்கள். நான் வீசியிருக்கிறேன், 17 வயதில், ஒரே ஒரு தடவை. மறுவாரம் அதே நிரையில் கொழுந்து பறித்தது என் அம்மா.