வாள் அடித்தால் மிச்சமில்லை, வளையல் செய்தால் உண்டு

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) விளையாடத் தொடங்கியிருக்கிறோம். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகள்தான். என் கதாபாத்திரம் டுவார்ஃப் என்ற குள்ளர் இனத்துப் பெண். நகை செய்வது அவள் தொழிலாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நகைக் கருவிகளின் விலை 25 தங்கக் காசு. "20 காசுக்குக் கொல்லர் கருவி வாங்கினால் வாளாவது அடிக்கலாம், நகையால் என்ன பிரயோஜனம்?" என்கிறார்கள் மற்றவர்கள். வாங்கலாமா? இதற்காகத் தனியாகப் புத்தகம் வாங்க வேண்டுமா?

பதில்: தாராளமாக நகைத் தொழிலையே எடுங்கள். உங்கள் நண்பர்கள் கருவியின் விலையை மட்டும் பார்க்கிறார்கள். செய்த பொருளை என்ன விலைக்கு விற்க முடியும் என்பதையும் பார்க்க வேண்டும்.

2014 விதிப்படி, எதைச் செய்தாலும் சந்தை விலையில் பாதி மூலப்பொருளுக்குப் போய்விடும். ஒரு நாள் உழைப்புக்கு 5 தங்கக் காசு மதிப்புள்ள வேலை முடியும். இது கொல்லருக்கும் நகைத் தொழிலாளிக்கும் ஒன்றுதான். வித்தியாசம் விற்கும்போது வருகிறது. ஆயுதம், கவசம் போன்ற சாமான்களைச் சந்தையில் விற்றால் பொதுவாகப் பாதி விலைதான் கிடைக்கும். ரத்தினம், நகை, கலைப்பொருள் மூன்றுக்கும் முழு விலை.

15 காசு பெறும் நீண்ட வாள் ஒன்றைக் கொல்லர் அடிக்கிறார் என்று வையுங்கள். இரும்புக்கு ஏழரை, மூன்று நாள் வேலை, விற்றால் ஏழரை. மூன்று நாள் உழைப்புக்குக் கூலியே இல்லை! தனக்கோ கூட்டாளிக்கோ அடித்துக்கொண்டால் பாதி விலை மிச்சம், அவ்வளவுதான். உங்கள் டுவார்ஃப் பெண் சின்னத் தங்க வளையல் ஒன்று செய்கிறாள். கலைப்பொருள் பட்டியலில் அதன் மதிப்பு 25 காசு. பொருளுக்குப் பன்னிரண்டரை, ஐந்து நாள் வேலை, விற்றால் முழுசாக 25. கையில் நிற்பது பன்னிரண்டரை. வேலை செய்யும் நாட்களில் சாதாரண வாழ்க்கைக்கு ஆகும் தினசரி 1 காசும் விதிப்படி தள்ளுபடி. செய்கூலி என்று ஒன்று மிஞ்சுவது இந்த இரண்டில் நகைக்குத்தான்.

இன்னொன்று, அந்த 25 காசையும் நீங்கள் செலவழிக்க வேண்டியதில்லை. டுவார்ஃப் இனத்துக்கு இயல்பாகக் கிடைக்கும் கருவித் தேர்ச்சி கொல்லர், மது காய்ச்சுபவர், கல்தச்சர் ஆகிய மூன்றில் ஒன்றுதான். நகை அதில் இல்லை. அதனால் பின்னணியாக, அதாவது கதாபாத்திரத்தின் முந்தைய வாழ்க்கையாக, கில்ட் ஆர்ட்டிசனை (கைவினைஞர் சங்க உறுப்பினர்) எடுங்கள். தேர்ச்சி, கருவி, கூடவே 15 காசு உள்ள பை, எல்லாம் அதோடு வந்துவிடும். தொடக்கப் பொருட்களுக்குப் பதிலாகக் காசாக வாங்கும் வழியில் மட்டும் போகாதீர்கள். போனால் இவை கிடைக்காது. பின்னால் கற்றுக்கொள்ளலாம் என்று விட்டாலும் 250 நாளும் 250 காசும் ஆகும்.

அந்த 15 காசிலேயே தொழிலை ஆரம்பித்துவிடலாம். பன்னிரண்டரைக்குப் பொருள் வாங்கி ஒரு வளையல் செய்து விற்றால் கையில் இருபத்தேழரை. அதில் இரண்டு வளையலுக்குப் பொருள் எடுத்தால் பத்து நாளில் ஐம்பத்திரண்டரை. சங்கத்துக்கு மாதம் 5 காசு சந்தா உண்டு, அதையும் கணக்கில் வையுங்கள். பிளட்ஸ்டோன் என்ற கல் பதித்த தங்க மோதிரத்துக்கு 250 காசு என்று பார்த்ததும் மனம் அங்கே ஓடும். அவசரப்படாதீர்கள். அதற்குப் போடும் முதலே 125 காசு, வேலை 50 நாள். உங்களுக்காகக் கூட்டாளிகள் ஐம்பது நாள் ஓர் ஊரில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். நாள் லாபம் இரண்டுக்கும் ஒன்றேதான், நாளுக்கு இரண்டரை காசு. முதல் முடங்காமல் சுற்றுவது வளையலில்தான்.

புத்தகம்? இப்போதைக்கு வாங்க வேண்டாம். நான் சொன்ன கைவினை விதியும் விற்பனை விதியும் எஸ்.ஆர்.டி. 5.1 என்ற அடிப்படை விதிகளின் இலவசக் கோப்பில் இருக்கின்றன. 2023-இல் அதை யாரும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள். கில்ட் ஆர்ட்டிசன் பின்னணியும் கலைப்பொருள் பட்டியலும் அதில் கிடையாது. அவற்றுக்கு மட்டும் உங்கள் டி.எம். (ஆட்டத்தை நடத்துபவர்) வைத்திருக்கும் புத்தகங்களைப் புரட்டிக்கொள்ளுங்கள்.

2024 விதிகளுக்கு மாறப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே பேசி வையுங்கள். அதில் ஒரு நாள் வேலை 10 காசாகக் கூடிவிட்டது, நல்லது. ஆனால் நகைக் கருவியால் செய்யக்கூடியவை என்று அங்கே எழுதியிருப்பது மந்திரக் குவியமும் (மந்திரம் போடக் கையில் வைத்திருக்கும் பொருள்) புனிதச் சின்னமும் மட்டுமே. வளையலும் மோதிரமும் டி.எம். சம்மதித்தால்தான்.

கேள்வி: எங்கள் மந்திரவாதிக்கு, ஒரு பொருளின் மந்திர சக்தியை அறியும் 'ஐடென்டிஃபை' மந்திரம் போட 100 காசு முத்து வேண்டும். நகைத் தொழில் தெரிந்தவர் கூட்டத்தில் இருந்தால் பாதி விலைக்கு முடியுமா?

பதில்: முடியாது. முத்தைக் கையால் செய்ய முடியாதே. முழு விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஆனால் அந்த முத்து தீர்ந்துபோகாது, ஒரு முறை வாங்கினால் போதும். செத்தவரை எழுப்பும் 'ரிவிவிஃபை' மந்திரத்துக்கான 300 காசு வைரம் அப்படியில்லை, ஒவ்வொரு தடவையும் கரைந்துவிடும். காசு குறைவாக இருந்தால் முதலில் வைரம் வாங்குங்கள். முத்து காத்திருக்கும், செத்த கூட்டாளியை ஒரு நிமிடத்துக்குள் எழுப்பியாக வேண்டும்.

கேள்வி: நகை செய்யும் விதிகள் என்று ஒரு பி.டி.எஃப். இணையத்தில் விற்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

பதில்: முதலில் டி.எம்.மிடம் கேளுங்கள். அவர் ஒத்துக்கொள்ளாத விதிக்குக் கொடுக்கும் பணம் வீண். நானும் கேட்காமல் ஒன்று வாங்கினேன். திறந்து பார்த்தால் ரத்தினங்களின் பெயரும் விலையும் வரிசையாக இருந்தன, செய்முறை ஒன்றரைப் பக்கம். பணத்தைத் திருப்பித் தரவில்லை, பதிவிறக்கிய பிறகு தர மாட்டோம் என்று நிபந்தனையில் போட்டிருந்தார்கள். அதனால் மாதிரிப் பக்கங்களைத் திறந்து, கல் வெட்டுவதற்கும் பதிப்பதற்கும் எத்தனை நாள், என்ன பகடைச் சோதனை, தோற்றால் கல் என்னாகும் என்று எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள். 2014-க்கா 2024-க்கா என்பதையும் பாருங்கள். மாதிரிப் பக்கமே காட்டாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.