சாஃப்ட்வேர் போட்ட மார்க்கை எதிர்த்து வழக்குப் போடலாமா?

கேள்வி: கோவையில் சின்னதாக ஒரு ஆலோசனை நிறுவனம் நடத்துகிறேன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் டெண்டரில் தரத்துக்கு 70, விலைக்கு 30 என்று போட்டிருந்தார்கள். எங்கள் டெக்னிக்கல் மார்க் 78, விலை 40 லட்சம். இன்னொரு நிறுவனத்துக்கு 86, விலை 52 லட்சம். எங்கள் மொத்தம் 82.40, அவர்களுடையது 84.18 என்று சொல்லி அவர்களைத் தேர்வு செய்துவிட்டார்கள். கேட்டால் 'சாஃப்ட்வேர் போட்ட மார்க்' என்கிறார்கள். 78 என்பதே எங்களுக்குக் குறைவுதான். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த 78-ஐ மறந்துவிடுங்கள். 80 போட்டிருக்க வேண்டும், 85 போட்டிருக்க வேண்டும் என்று போனால், டாடா செல்லுலார் வழக்கிலிருந்து (1994) நீதிமன்றங்கள் சொல்லிவரும் பதில்தான் கிடைக்கும்: முடிவெடுத்த விதத்தைப் பார்ப்போம், முடிவைத் திருத்தி எழுத மாட்டோம்.

உங்கள் கேஸ் கணக்கில் இருக்கிறது. குறைந்த விலைக்கு, அதாவது உங்கள் 40 லட்சத்துக்கு, 100 என்றால், 52 லட்சத்துக்கு 76.92 (40-ஐ 52-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால்). இதை 70:30-இல் போட்டால் உங்களுக்கு 84.60, அவர்களுக்கு 83.28, ஆக ஜெயித்தது நீங்கள்தான். அவர்கள் தந்த 82.40-உம் 84.18-உம் எங்கிருந்து வந்தன என்று பார்த்தேன், 80:20 போட்டால் புள்ளி பிசகாமல் அதே எண்கள் வருகின்றன! பழைய டெண்டரின் வெயிட்டேஜ் (தரத்துக்கும் விலைக்கும் தரும் பங்கு) சாஃப்ட்வேரில் அப்படியே கிடந்ததோ, யாராவது மாற்றினார்களோ, அதை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை.

'தரத்துக்கு 80 வரை போடலாம், விதியே இருக்கிறது' என்று அவர்கள் சொல்லக்கூடும். உண்மைதான், பொது நிதி விதிகள் 2017, விதி 192 ஆலோசனைப் பணிகளுக்கு அதை அனுமதிக்கிறது. ஆனால் டெண்டரில் அறிவித்தது 70. தான் அறிவித்த அளவுகோலுக்கு அரசு கட்டுப்பட்டது என்று ரமணா தயாராம் ஷெட்டி வழக்கில் 1979-லேயே சொல்லியாகிவிட்டது. வேலைக்கு ஆள் எடுப்பதிலும் இதே கதைதான்: ஆந்திராவில் மாவட்ட நீதிபதி தேர்வில் நேர்காணலுக்குக் குறைந்தபட்ச மார்க் என்று பிறகு நுழைத்தது 2008-இல் மஞ்சுஸ்ரீ வழக்கில் செல்லாமல் போனது, 2024-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் அந்தத் தீர்ப்பைச் சரி என்றது.

அதனால் இன்றே ஒரு பக்கத்தில் இந்தக் கணக்கைப் போட்டு, டெண்டரில் 70:30 இருக்கும் பக்கத்தை இணைத்து, ஒப்புகையோடு கடிதம் கொடுங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள், அதற்கு 30 நாள் ஆகும், அதற்குள் ஒர்க் ஆர்டர் போய்விடும். இரண்டு மூன்று நாளில் பதில் இல்லையென்றால் சென்னை உயர் நீதிமன்றத்தில் அரசியல் சாசனத்தின் பிரிவு 226-இன் கீழ் ரிட் மனு, தேர்வான நிறுவனத்தையும் எதிர்மனுதாரராகச் சேர்த்து. (இதுவே தமிழ்நாடு அரசு டெண்டர் என்றால் 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் பிரிவு 11-இல் அரசுக்கு மேல்முறையீடு, உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள்.)

ஒர்க் ஆர்டர் கொடுத்துவிட்டால் ஸ்டே (இடைக்காலத் தடை) கிடைப்பது கஷ்டம். வேலையை நிறுத்துவதைவிட நஷ்ட ஈடு பற்றி யோசிக்கலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் என்.ஜி. புராஜெக்ட்ஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது, எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுப்பதும் அதைத்தான். மனுவில் நஷ்ட ஈட்டையும் மாற்றுக் கோரிக்கையாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.