வாசகர் கேள்வி – பதில்: டிஜேயின் காதுகள்

இம்முறை வந்த கடிதங்களுள் நான்கு ஒரே விஷயத்தைத் தொடுவதால் அவற்றைச் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். நான் பன்னிரண்டு ஆண்டுகள் கிளப்களில் டிஜேயாக இருந்து, பிறகு ஒலிப் பொறியாளரானவன். இடது காதில் ஓயாத இரைச்சலோடு வாழ்பவன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 26. நான்கு ஆண்டுகளாக வெள்ளி, சனிக்கிழமைகளில் ஓர் ஓட்டல் கிளப்பில் தினம் நான்கு மணி நேரம் டிஜேயாக இருக்கிறேன். முகூர்த்த நாட்களில் திருமண வரவேற்புகளுக்கும் போகிறேன். வீட்டுக்கு வந்து படுத்ததும் காதில் ‘கீ’ என்று ஒரு சத்தம் கேட்கிறது. மறுநாள் மதியத்துக்குள் சரியாகிவிடுகிறது. காதடைப்பான் போட்டுக்கொண்டால் மிக்சிங் (ஓடும் பாட்டோடு அடுத்த பாட்டைத் தாளம் பொருந்தக் கலப்பது) பிசகுகிறது. என்ன செய்யலாம்? — சென்னை வாசகர்

பதில்: ‘சரியாகிவிடுகிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, நானும் அதே சொல்லைத்தான் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன். உட்செவியில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் உறுப்புக்குள், காதுக்கு ஏறத்தாழ 15,000 மயிர்செல்கள் இருக்கின்றன. ஒலியதிர்வை நரம்புக்கு உரிய செய்தியாக மாற்றித் தருபவை அவைதாம். அளவுக்கு மீறிய சத்தத்தில் அவை முதலில் களைத்துத் துவள்கின்றன. ஓய்வு கிடைத்தால் நிமிர்கின்றன. மீண்டும் மீண்டும் அடி விழுந்தால் செத்துப்போகின்றன. மனிதக் காதில் இறந்த மயிர்செல் திரும்ப முளைப்பதில்லை. உங்களுக்குக் கேட்கும் அந்தக் ‘கீ’ சத்தம், அன்றைய இரவு அளவு மீறிவிட்டது என்பதற்கான அடையாளம்.

எவ்வளவு மீறியது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியோஷ், 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்றும், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்றும் பரிந்துரைக்கிறது. அதாவது 88க்கு 4 மணி நேரம், 91க்கு 2 மணி நேரம், 94க்கு 1 மணி நேரம், 97க்கு அரை மணி நேரம், 100க்கு 15 நிமிடம். கிளப்பின் ஆடுதளத்தில் 100 டெசிபல் என்பது அன்றாட அளவு. அங்கே வெறும் காதுடன் நான்கு மணி நேரம் நிற்பவர், ஒரு நாளுக்குரிய அளவைப் போலப் பதினாறு மடங்கு சத்தத்தை ஒரே இரவில் வாங்கிக்கொள்கிறார். அதே ஆள் உண்மையிலேயே 15 டெசிபல் குறைக்கும் அடைப்பான் போட்டிருந்தால் காதுக்குள் சேர்வது 85. நான்கு மணி நேரத்தில் பாதி அளவுதான் செலவாகும். ஆனால் பாட்டைக் ‘கியூ’ செய்வதற்காக, அதாவது அடுத்த பாட்டை ஹெட்போனில் முன்கூட்டியே கேட்டுப் பார்ப்பதற்காக, இடையிடையே அடைப்பானைக் கழற்றி, அந்த நேரமெல்லாம் கூட்டினால் கால் மணி ஆகிறது என்றால், அந்தக் கால் மணியிலேயே ஒரு முழு நாளின் அளவு தீர்ந்துபோகிறது. ஆகவே போட்ட அடைப்பானைக் கழற்றாமலே மிக்ஸ் செய்யப் பழகுவதுதான் வழி.

மிக்சிங் பிசகுவதற்குப் பெரும்பாலும் காரணம், நீங்கள் போடும் அடைப்பான் எந்த வகை என்பதுதான். மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சுநுரை அடைப்பான் உயர்ந்த சுருதிகளை அதிகமாகவும் தாழ்ந்தவற்றைக் குறைவாகவும் தடுப்பதால், ஹை-ஹாட் என்ற ஜால்ரா போன்ற ஒலி மறைந்து, கிக் என்ற பெரிய டிரம்மின் ஒலி மட்டும் மொத்தையாகக் கேட்கும். அந்த நிலையில் யாராலும் இரண்டு பாட்டைப் பொருத்த முடியாது. இசைக் கலைஞர்களுக்கென்றே செய்யப்படும் அடைப்பான்கள் வேறு. எடிமோட்டிக் நிறுவனம் 1988இல் கொண்டுவந்த ஈ.ஆர்.-15 என்ற வடிப்பான், எல்லாச் சுருதிகளையும் ஏறக்குறைய ஒரே அளவாக, 15 டெசிபல் குறைக்கிறது. பாட்டு அப்படியே இருக்கும், தள்ளி நின்று கேட்பது போலத் தோன்றும், அவ்வளவுதான். ஆடியாலஜிஸ்டிடம் (கேட்புத்திறன் நிபுணரிடம்) போனால் காதுக்குள் பசைபோன்ற ஒன்றை விட்டு அச்செடுத்து, உங்கள் காதுக்கே பொருந்தும் சிலிக்கோன் அடைப்பான் செய்து, 9, 15, 25 டெசிபல் வடிப்பான்களில் ஒன்றைப் பொருத்தித் தருவார். விலை கூடுதல்தான், ஆனால் நீங்கள் ஹெட்போனுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

இந்த அடைப்பான் காது மடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிராமல் இருந்தால், அதன் மேலேயே ஹெட்போனை வைத்துக்கொள்ளலாம். காதின் மேல் அழுந்தி உட்காரும் ஹெட்போனைவிட, மடல் முழுவதையும் மூடும் வகை இதற்கு வசதி. முன்னது அடைப்பானை உள்ளே நெருக்கி வலியைத் தரும். ஹெட்போன் ஒலியைக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும்; அதற்காகப் பயப்பட வேண்டாம், கூட்டியதை அடைப்பான் குறைத்துத்தான் உள்ளே விடுகிறது. முதல் நாளே மேடையில் சோதனை செய்யாதீர்கள். வீட்டில் மூன்று நான்கு வாரங்கள் அதைப் போட்டுக்கொண்டு பயிற்சி செய்தால் காது புதிய ஒலியைத் தன் வழக்கமாக ஏற்றுக்கொள்ளும். பேசும்போது உங்கள் குரலே உங்களுக்குக் குடத்துக்குள் பேசுவது போல முழங்கும், அதுவும் பழகிவிடும். பக்கத்தில் வந்து இந்தப் பாட்டைப் போடுங்கள் என்று கேட்பவர் சொல்வது புரியவில்லை என்று அடைப்பானைக் கழற்றவும் தேவையில்லை, ஏனென்றால் அது அவர் குரலையும் பின்னணிச் சத்தத்தையும் சேர்த்தே குறைக்கிறது.

அடுத்தது பூத் மானிட்டர், அதாவது டிஜே நிற்கும் இடத்தில் அவர் கேட்பதற்கென்றே வைக்கும் ஸ்பீக்கர். ‘மானிட்டரை அணைத்துவிடு, காது பிழைக்கும்’ என்று சிலர் சொல்வார்கள். அது தவறான யோசனை. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி விநாடி ஆகிறது. ஆடுதள ஸ்பீக்கர் 10 மீட்டர் தள்ளி இருந்தால் அதன் ஒலி உங்களை வந்தடையச் சுமார் 29 மில்லி விநாடி பிந்துகிறது. நிமிடத்துக்கு 128 தாள அடி (பீட்) விழும் பாட்டில் இரண்டு அடிகளுக்கு இடையே 469 மில்லி விநாடிதான் இருக்கிறது. ஹெட்போனில் கேட்பதைப் பிந்திவரும் ஒலியோடு பொருத்தினால் ஆடுபவர்களுக்கு ஒவ்வொரு கிக்கும் இரண்டாகப் பிளந்து விழும். மானிட்டர் வேண்டும், ஆனால் அது காது உயரத்தில், உங்களை நோக்கி, கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அருகில் இருந்தால் குறைந்த ஒலியே போதும். இரண்டு பாட்டையும் கலக்கும் அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் மானிட்டரின் ஒலியைக் கூட்டும் பூத் குமிழை உயர்த்தி, முடிந்ததும் இறக்கிவிடுங்கள். உங்கள் மிக்சரில் ‘ஸ்பிளிட் கியூ’ இருந்தால் ஒரு காதில் வரப்போகும் பாட்டையும் மறு காதில் ஓடும் பாட்டையும் ஹெட்போனிலேயே கேட்டுப் பொருத்தலாம். தாமதமும் இல்லை, ஒரு காதைத் திறந்துவைக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஹெட்போனை ஒரு தோளுக்கும் காதுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு மறு காதை மானிட்டருக்குக் கொடுத்து நிற்பதுதான் நம் எல்லோருடைய பழக்கமும். எனக்கு மானிட்டர் எப்போதும் இடப்பக்கம் இருந்தது, இரைச்சலும் இடக்காதில்தான்.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்த விரும்புவது ஒன்று உண்டு. இரவு ஏற ஏறக் காது களைத்துப்போகிறது. களைத்த காதுக்கு ஒலி குறைந்துவிட்டது போலத் தோன்றுகிறது. கை தானாகக் குமிழைத் திருப்புகிறது. காது மேலும் களைக்கிறது. ஆகவே நள்ளிரவில் உங்கள் காது சொல்லும் சாட்சியை நம்பாதீர்கள். கூட்டம் சேருவதற்கு முன், காது தெளிவாக இருக்கும்போது, பூத் குமிழும் ஹெட்போன் குமிழும் அதிகபட்சம் எதுவரை போகலாம் என்று முடிவுசெய்து, குமிழின் ஓரத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பை ஒட்டி, பேனாவால் கோடு கிழித்துவிடுங்கள். நான் பிற்காலத்தில் அப்படிச் செய்ய ஆரம்பித்த முதல் இரவில், ஒரு மணி சுமாருக்குக் கீழே பார்த்தபோது என் விரல் கோட்டைத் தாண்டிக் கால் சுற்றுப் போயிருந்தது. எப்போது திருப்பினேன் என்று எனக்கே தெரியவில்லை. மிக்சரின் விளக்குகள் சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்வதும் இதில் சேர்ந்ததுதான்; சிதைந்த ஒலியில் கூரிய உயர்சுருதிகள் கூடுதலாகப் பிறந்து காதை அறுக்கும். ஐபோன் வைத்திருந்தால் நியோஷ் வெளியிட்டிருக்கும் இலவசச் சத்தமானி செயலியைப் போட்டுக்கொண்டு, பூத்தில் நீங்கள் நிற்கும் இடத்திலேயே அளந்து பாருங்கள்.

இந்த மாதமே ஒருமுறை காது பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முந்தைய இரவு வேலை பார்த்துவிட்டுப் போகக் கூடாது. குறைந்தது பதினாறு மணி நேரமாவது அமைதியில் இருந்த காதோடு போக வேண்டும். பரிசோதனையில் தரும் கேட்புத்திறன் வரைபடத்தைப் பத்திரப்படுத்தி, ஆண்டுதோறும் புதியதை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். சத்தத்தால் வரும் இழப்பு பெரும்பாலும் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் (சுருதியை அளக்கும் அலகு) வரையுள்ள பகுதியில், 4,000ஐ ஒட்டி ஒரு பள்ளமாகத்தான் முதலில் தலைகாட்டும்.

கேள்வி: டிஜே வேலைக்குப் போகும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன். போதுமா? — திருச்சி வாசகர்

பதில்: போதாது. பஞ்சு மிகச் சில டெசிபல்களையே, அதுவும் உயர்சுருதிகளில் மட்டுமே குறைக்கும். பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற நினைப்பைக் கொடுத்து அதிக நேரம் நிற்கவைப்பதால் அது கெடுதலே. இசைக்கான அடைப்பான் வாங்கும் வரை நுரை அடைப்பானைப் பயன்படுத்துங்கள். அதை விரல்களுக்கிடையே மெல்லிய திரிபோல உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேல்நோக்கி இழுத்துப் பிடித்து, உள்ளே செருகி, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது வேலை செய்யவில்லை என்று பொருள். வேலை முடிந்து வந்து காதில் எண்ணெய் விடுவதால் எந்தப் பலனும் இல்லை.

கேள்வி: என் மகன் எட்டு ஆண்டுகளாக டிஜே. தனியாகப் பேசினால் பதில் சொல்கிறான். வீட்டில் நாலு பேர் கூடிப் பேசும்போது ‘என்னம்மா, என்னம்மா’ என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். பரிசோதனையில் எல்லாம் நார்மல் என்கிறார்கள். அலட்சியம் செய்கிறானா? — கோவை வாசகி

பதில்: இல்லை அம்மா, அவர் அலட்சியம் செய்கிறார் என்று தயவுசெய்து எண்ணிவிடாதீர்கள். வழக்கமான பரிசோதனை, அமைதியான அறைக்குள் ஒற்றை ஒற்றைச் சுருதியாகக் கொடுத்து, கேட்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. பல குரல்களுக்கு நடுவே ஒரு குரலைப் பிரித்தெடுக்கும் திறமையை அது அளப்பதில்லை. 2009இல் ஷேரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், சுண்டெலிகளைச் சில மணி நேரம் உரத்த சத்தத்தில் வைத்துப் பார்த்தார்கள். கேட்புத்திறன் சில நாட்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது, மயிர்செல்களும் பிழைத்திருந்தன. ஆனால் அவற்றை நரம்போடு இணைக்கும் இணைப்புகளில் பல நிரந்தரமாக அறுந்திருந்தன. உங்கள் மகனின் நிலையைப் படித்ததும் எனக்கு அந்த ஆய்வுதான் நினைவுக்கு வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘காசு’ என்பதும் ‘காது’ என்பதும் ஓர் எழுத்தில்தான் வேறுபடுகின்றன. அந்தச் ‘சு’வின் உரசல் ஒலி 4,000 ஹெர்ட்ஸுக்கும் மேலே இருக்கிறது. அந்தப் பகுதி தேய்ந்தவருக்கு நீங்கள் பேசுவது கேட்கும், என்ன சொன்னீர்கள் என்பது மட்டும் பிடிபடாது. வார்த்தையின் பாதியை உதட்டைப் பார்த்தும் மீதியை ஊகித்தும் நிரப்பிக்கொண்டே இருப்பது பெரிய களைப்பு. நான் அனுபவிப்பது அது. மீண்டும் ஆடியாலஜிஸ்டிடம் அழைத்துப்போய், சத்தத்துக்கு நடுவே பேச்சைப் புரிந்துகொள்ளும் சோதனையும் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட சுருதிகளுக்கான சோதனையும் வேண்டும் என்று கேளுங்கள். வீட்டில் அடுக்களையிலிருந்து குரல் கொடுக்காமல், தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நின்று பேசுங்கள். என்றாவது காலையில் ஒரு காது திடீரென்று அடைத்து, கேட்காமல் போய்விட்டது என்று அவர் சொன்னால், சளி என்று நினைத்துக் காத்திராமல் அன்றே ஈ.என்.டி. மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். அதற்கான மருந்தை முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

கேள்வி: நான் ஒரு கிளப்பின் மேலாளர். சத்தத்தைக் குறைத்தால் கூட்டம் வராது என்கிறார் உரிமையாளர். சட்டம் என்ன சொல்கிறது? — பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் அக்கம்பக்கத்தாரின் அமைதியை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று அவை வரையறுப்பது உங்கள் சுவருக்கு வெளியே உள்ள சத்தத்தை. உள்ளே ஆடுபவரின் காதையோ, பாரில் நின்று வேலை பார்ப்பவரின் காதையோ அல்ல. பிரான்ஸில் 2017இல் வந்த ஆணைப்படி, அரங்கத்துக்குள் எந்தக் கால் மணி நேரத்தை எடுத்தாலும் சராசரி 102 டெசிபலைத் தாண்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டு நெறி அதை 100 என்று வைக்கிறது. கூடவே சத்தத்தைத் தொடர்ந்து அளந்து காட்டும் கருவி, வருபவர்களுக்குக் காதடைப்பான், காதுக்கு ஓய்வு தர ஓர் அமைதியான இடம், ஊழியர்களுக்குப் பயிற்சி ஆகியவற்றையும் கேட்கிறது.

உரிமையாளரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். 3 டெசிபல் குறைத்தால் ஒலியாற்றல் பாதியாகிறது. ஊழியர்களின் காது இரட்டிப்பு நேரம் தாங்கும். படிப்படியாகக் குறைத்தால் ஆடுபவர்கள் அதைக் கவனிப்பதுகூட அரிது. ஆடுபவர்களை ஆடவைப்பது நெஞ்சில் அதிரும் பேஸ் என்ற தாழ்ந்த சுருதி; காதைக் கிழிப்பதோ நடுச்சுருதியும் உயர்சுருதியும். ஸ்பீக்கர்களை உயரத்தில் தொங்கவிட்டு ஆடுதளத்தை நோக்கிச் சாய்த்தால், தளத்தில் ஒலி நிறைந்திருக்கும்போதே பார் பக்கம் கணிசமாகக் குறையும். கண்ணாடிச் சுவருக்குக் கனத்த திரை போடுவதும் எதிரொலியைக் குறைத்து, டிஜேயும் குமிழைத் திருப்பாமல் வேலை செய்ய உதவும். செலவே இல்லாமல் இன்று மாலையே தொடங்கக்கூடியது ஒன்று இருக்கிறது: பார் ஊழியர்களை ஒரே இடத்தில் இரவு முழுவதும் நிறுத்தாமல், மணிக்கொருமுறை உள்ளறைக்கு மாற்றி நிறுத்துங்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் கத்திப் பேசிக்கொள்ளும் இடத்துக்குப் பக்கத்தில் நுரை அடைப்பான் டப்பா ஒன்றையும் வையுங்கள்.