வாடகை வீட்டில் ஒரு கறிவேப்பிலைக் கன்று

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் பெல்பாஸ்ட்டில் கணக்கு வேலை பார்க்கிறேன். வந்து மூன்று வருடமாகிறது. எங்கள் அலுவலகத்தில் ஓய்வு பெறும் வயதை நெருங்கும் ஒருவர் இருக்கிறார். போன மாதம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். நம் வீடுகளில் தாத்தா பாட்டி படம் மாட்டும் இடத்தில், 9 என்று எண் போட்ட ஒரு வெள்ளைச் சட்டையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். மகனுடையதா என்று கேட்டேன். "அவன் ஆடின ஆட்டத்துக்குச் சட்டம் ஒன்றுதான் குறைச்சல்" என்று சிரித்தார். அது ரூவான் பீனார் என்ற தென்னாப்பிரிக்க ரக்பி வீரரின் எண்ணாம். 2017-இல் அவர் இந்த ஊர் அணியை விட்டுப் போன அன்று மைதானத்தில் நின்று அழுததாகச் சொன்னார். சொல்லும்போதே குரல் மாறியது. அவர் மனைவி எழுந்து போய்ப் பாயசம் மாதிரி ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து வைத்துப் பேச்சை மாற்றினார்.

அறைக்குத் திரும்பியதும் தேடிப் பார்த்தேன். பீனார் இங்கே ஏழு வருடம் ஆடியிருக்கிறார். அந்த ஏழு வருடத்தில் இந்த ஊர் அணியான அல்ஸ்டர் ஒரு கோப்பைகூட வாங்கவில்லை. அப்புறம் பிரான்ஸுக்குப் போய்விட்டார். பணத்துக்கு வந்தார், வேறிடத்தில் பணம் கிடைத்ததும் போனார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வங்கி மேலாளர் மாற்றலாகிப் போனால் வாடிக்கையாளர் அழுவாரா? நக்கலுக்குக் கேட்கவில்லை. அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை உண்டு, அதனால்தான் கேட்கிறேன். நீங்கள் இங்கே வந்து ரக்பி பார்த்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள்.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

முதலில் ஒரு திருத்தம். பீனார் பணத்தைத் தேடிப் போகவில்லை, அவரைப் போகச் சொன்னார்கள். பெல்பாஸ்ட்டிலேயே இருக்கத்தான் அவருக்கு விருப்பம். அவரை வைத்துக்கொள்ள அல்ஸ்டருக்கும் விருப்பம். வேண்டாம் என்றது டப்ளினில் இருக்கும் ஐரிஷ் ரக்பி சங்கம். வாடகைக்கு இருப்பவருக்கும் அக்கம்பக்கத்துக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனால் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். அந்த மாதிரி கதை இது. இதை விட்டுவிட்டுப் பார்த்தால் உங்கள் சக ஊழியரின் அழுகை புரியாது.

நீங்கள் இருக்கும் ஊரின் விஷயம்தான் என்றாலும் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், மற்றவர்களும் படிப்பார்கள். அயர்லாந்தில் தொழில்முறை ரக்பி அணிகள் நாலே நாலு: லென்ஸ்டர், மன்ஸ்டர், கானக்ட், அல்ஸ்டர். நாலும் மாகாண அணிகள். நாலுக்கும் மேலே இருப்பது ஒரே சங்கம். அந்தச் சங்கத்துக்கு முக்கியம் அயர்லாந்து தேசிய அணி. மாகாண அணிகள் அதற்கு ஆள் தயார் செய்யும் நாற்றங்கால். அதனால் வெளிநாட்டு வீரர்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஐபிஎல்லில் களத்தில் நாலு வெளிநாட்டவருக்கு மேல் கூடாது என்பதுபோல எண்ணிக்கையோடு நிற்பதில்லை. எந்த இடத்தில் ஆட யாரைக் கொண்டுவரலாம், எத்தனை வருடம் வைத்துக்கொள்ளலாம் என்பதுவரை டப்ளின் தலையிடும்.

பீனார் ஆடிய இடம் ஸ்க்ரம்-ஹாஃப், எண் 9. ரக்பியில் எட்டுப் பெரிய ஆட்கள் முட்டி மோதிப் பந்தை வெளியே எடுப்பார்கள். எடுத்த பந்தை யாருக்கு, எப்போது, எவ்வளவு வேகத்தில் தள்ளுவது என்று முடிவு செய்வது ஒன்பதாம் எண். ஆட்டத்தின் நாடித்துடிப்பே அவர் கையில் என்று சொல்லலாம். அந்த இடத்தில் அயர்லாந்துக்காரர்கள் வளர வேண்டும், ஒரு மாகாணம் முழுக்க அதை வெளிநாட்டவர் அடைத்துக்கொண்டிருந்தால் எப்படி என்பது சங்கத்தின் வாதம்.

மற்ற வெளிநாட்டவர்களுக்கு ஒரு பின்வாசல் இருந்தது. அன்றைய விதிப்படி மூன்று வருடம் ஒரு நாட்டில் இருந்துவிட்டால் அந்த நாட்டு அணிக்கே ஆடலாம். மன்ஸ்டரின் சி.ஜே. ஸ்டாண்டர், கானக்டின் பண்டீ ஆக்கி, அல்ஸ்டரிலேயே ஜாரட் பெய்ன் எல்லோரும் அந்த வழியாக அயர்லாந்துச் சட்டை போட்டவர்கள். பீனாருக்கு அந்தக் கதவும் மூடியிருந்தது, அவர் ஏற்கெனவே தென்னாப்பிரிக்காவுக்கு ஆடியவர். மொத்தம் 88 ஆட்டம். 2007-இல் உலகக் கோப்பை வென்ற அணியிலும் இருந்தார்.

ஆனால் சொந்த நாட்டில் அவருக்கு நிலையான நாற்காலி கிடைக்கவில்லை. ஒரு நாள் ஸ்க்ரம்-ஹாஃப், ஒரு நாள் ஃப்ளை-ஹாஃப் (எண் 10), ஒரு நாள் கடைசிக் காவலான ஃபுல்-பேக். எல்லாம் தெரிந்தவனுக்கு எல்லா வேலையும் கொடுத்துவிட்டுக் கடைசியில் எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்று திட்டுவோமே, அது. 2009-இல் பிரிட்டன், அயர்லாந்து வீரர்கள் சேர்ந்த பிரிட்டிஷ் லயன்ஸ் அணி தென்னாப்பிரிக்காவுக்கு வந்தபோது பத்தாம் எண்ணில் இவரை இறக்கினார்கள். இரண்டாவது டெஸ்டில் மாற்றாக வந்த மோர்னே ஸ்டெய்ன் கடைசி நிமிடத்தில் தன் பாதியிலிருந்தே ஒரு பெனால்டியை உதைத்துத் தொடரையே வென்றுகொடுத்துவிட்டார். அந்த இடமும் போயிற்று. அடுத்த வருடம் பீனார் பெல்பாஸ்ட் வந்தார். அப்போது வயது 26. மார்க்கெட் போன பிறகு கடைசிச் சம்பளத்துக்கு வந்து சேரும் வெளிநாட்டு வீரர்களை அங்கே எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். நடுவயதுக்குக் கிட்டேகூட வராத ஒருவர், உலகக் கோப்பைப் பதக்கத்தோடு, மழையும் காற்றும் அடிக்கும் ரேவன்ஹில் மைதானத்துக்கு வந்து, இங்கே என் இடம் ஒன்பது என்று உட்கார்ந்தால் அந்த ஊருக்கு எப்படி இருக்கும்?

நான் அந்த மைதானத்துக்கு ஒரே ஒரு முறை போயிருக்கிறேன். 2013-14 குளிர்காலம். நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன், அவர் இழுத்துக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை ராத்திரி. புதிய அரங்குகள் கட்டிக்கொண்டிருந்தார்கள், ஒரு பக்கம் கிரேன் நின்றது. மழை என்று சொல்ல முடியாது, ஆனால் குடையில்லாமல் பத்து நிமிடத்தில் நனைந்துவிடலாம். ஆட்டம் எனக்குப் பாதிதான் புரிந்தது. யார் மேல் யார் விழுகிறார்கள் என்று பார்ப்பதற்குள் விசில் அடித்துவிடுவார்கள். எல்லோரும் கத்தினார்கள், நானும் கத்தினேன்.

அப்போது அல்ஸ்டருக்கு ஒரு பெனால்டி. பீனார் பந்தை நிறுத்தி வைத்தார். பின்னால் நாலைந்து அடி நகர்ந்தார், பக்கவாட்டில் இரண்டு அடி. மைதானம் அப்படியே அடங்கிவிட்டது. ஒலிபெருக்கி கேட்டுக்கொண்டு அடங்கிய மாதிரி இல்லை. கருவறையில் திரை விலகும் நேரத்தில் கூட்டம் தானாக அடங்குமே, அப்படி. அங்கே அது வழக்கமாம். நம் ஆள், எதிராளி யாராக இருந்தாலும் உதைப்பவருக்கு மௌனம் கொடுப்பார்கள். என் பக்கத்தில் ஒரு சின்னப் பையன் ஏதோ கேட்க வாயெடுத்தான். அவன் தாத்தா அவனைப் பார்க்காமலே உள்ளங்கையால் அவன் வாயைப் பொத்தினார். அவருடைய இன்னொரு கையில் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம், அதில் மழைத்துளி விழும் சத்தம் எனக்குக் கேட்டது. பீனார் அவசரப்படவே இல்லை. தலையைத் தூக்கிக் கம்பத்தைப் பார்த்தார், குனிந்தார், மறுபடி பார்த்தார். காலிலிருந்து பந்து கிளம்பிய சத்தம் தனியாக வந்தது. கத்தல் அப்புறம்தான்.

எனக்கு அங்கேதான் விஷயம் புரிந்தது என்று நினைக்கிறேன். இத்தனை ஆயிரம் பேர் ஒரு மனிதனுக்காக மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது ஆட்டத்துக்கு நாலைந்து முறை நடக்கிறது. ஏழு வருடம், 140-க்கு மேற்பட்ட ஆட்டங்கள், 800-க்கு மேற்பட்ட புள்ளிகள். கணக்குப் பார்ப்பவர் நீங்கள், எத்தனை முறை மூச்சடக்கியிருப்பார்கள் என்று போட்டுப் பாருங்கள். வங்கி மேலாளருக்காக யாரும் அப்படி நிற்பதில்லை.

கோப்பை இல்லை என்கிறீர்கள். உண்மைதான். அல்ஸ்டர் 1999-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்றது, ஐரிஷ் அணிகளில் முதல் முறை. 2006-இல் கெல்டிக் லீக். அதற்குப் பிறகு பீனார் போகும்வரை ஒன்றுமில்லை. பீனார் காலத்தில் கையெட்டும் தூரம்வரை போய்ப்போய் நழுவியது. 2012 ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியில் மன்ஸ்டரின் கோட்டையான தோமண்ட் பார்க்கில் போய் 22-16 என்று வென்றார்கள். பீனாரின் நீண்ட தூர உதைகளை அதற்கு வந்தவர்கள் இன்றும் சொல்வார்கள். அங்கிருந்து இறுதியாட்டம்வரை போய், ட்விக்கனமில் லென்ஸ்டரிடம் 42-14 என்று அடிவாங்கினார்கள். 2014 ஜனவரியில் அதே கோப்பைக்காக இங்கிலாந்தின் லெஸ்டர் அணியை அதன் மைதானத்திலேயே 22-19 என்று வென்றார்கள். அல்ஸ்டரின் 22 புள்ளிகளையும் எடுத்தவர் பீனார் ஒருவரே. வெளியூரில், அந்த அணியை, அந்தக் கூட்டத்துக்கு முன்னால். அந்த வெற்றியால் காலிறுதி சொந்த மைதானத்துக்கு வந்தது. வந்து என்ன? நாலாவது நிமிடத்தில் ஜாரட் பெய்னுக்குச் சிவப்பு அட்டை. மிச்ச ஆட்டம் முழுக்கப் பதினாலு பேர். இன்னொரு இங்கிலாந்து அணியான சாரசன்ஸிடம் இரண்டே புள்ளியில் தோற்றார்கள், 17-15.

ஜெயித்திருந்தால் அந்தக் கோப்பை இன்று ஒரு கண்ணாடி அலமாரியில் இருக்கும், உங்கள் சக ஊழியர் வருடத்துக்கு ஒரு முறை போய்ப் பார்ப்பார். தோற்றதால் வீட்டுக் கூடத்தில் சட்டை தொங்குகிறது. என் கருத்து இது, நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. பீனார் வருடா வருடம் போய்த் திரும்பியவர். தென்னாப்பிரிக்க அணி கூப்பிட்டால் போவார், பருவத்தின் முதல் மாதங்களில் பல ஆட்டங்களில் இருக்கமாட்டார். பனிக்காலத்தில் வந்துவிடுவார். அவர் போவது அந்த ஊருக்குப் பழகியிருந்தது. பழகாதது, திரும்பி வராமல் போவது. அதையும் சட்டென்று செய்யவில்லை. ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று 2016 ஆகஸ்ட்டிலேயே அறிவித்துவிட்டார்கள். கடைசி சொந்த மைதான ஆட்டம் 2017 மே, லென்ஸ்டருக்கு எதிராக. நடுவில் ஒரு பருவம் முழுக்கப் பெண்ணைக் கட்டிக்கொடுக்கப்போகிற வீடு மாதிரி இருந்திருக்கும். முகூர்த்தம் தெரியும், எண்ணிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மனுப் போட்டார்கள், கையெழுத்து வாங்கினார்கள். டப்ளின் அசையவில்லை. அல்ஸ்டர் மாகாணத்தின் ஒன்பது மாவட்டங்களில் பெல்பாஸ்ட் உட்பட ஆறு பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்தில், மூன்று டப்ளினைத் தலைநகராகக் கொண்ட அயர்லாந்துக் குடியரசில். ஆனால் ரக்பியில் தீவு முழுக்க ஒரே தேசிய அணி. அப்படியொரு இடத்தில் 'டப்ளின் சொல்லிவிட்டது' என்ற வாக்கியம் வெறும் விளையாட்டுச் செய்தியாக இருக்காது. உங்கள் சக ஊழியர் இதைப் பற்றிப் பேசமாட்டார், நீங்களும் கேட்க வேண்டாம்.

சரி, டப்ளின் செய்தது தப்பா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பீனார் போன இடத்துக்கு கானக்டிலிருந்து ஜான் கூனி வந்தார், டப்ளின்காரர். முதல் பருவத்திலேயே அதே கூட்டம் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. அயர்லாந்துக்கும் ஆடினார். அவருக்குப் பின்னால் அதே ஒன்பதாம் எண்ணில் நேதன் டோக் வளர்ந்தார், பீனார் இருந்த காலத்தில் அல்ஸ்டரில் பயிற்சியாளராக இருந்த நீல் டோக்கின் மகன். சங்கத்தின் விதி நினைத்தது நடந்தது. ஆனால் விதி சரி என்பதற்காக அழுதவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை. உங்கள் சக ஊழியருக்குக் கோபப்பட ஒரு கெட்டவன்கூடக் கிடைக்கவில்லை. பாவம், அதுவும் சேர்ந்துதான் அழுகையாக வந்திருக்கும்.

பணத்துக்கு வந்தவர்தானே என்ற கேள்விக்கு வருகிறேன். ஆமாம், பணத்துக்கு வந்தவர். நீங்களும் பெல்பாஸ்ட்டுக்குப் பணத்துக்குத்தான் போயிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் மாம்பலத்தில் பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருந்தார். குடிவந்த வாரமே பின்கட்டில் கறிவேப்பிலைக் கன்று நட்டார். எதற்கு சார் இந்த வேலை, நாளைக்குக் காலி பண்ணச் சொன்னால் தூக்கிக்கொண்டா போவீர்கள் என்று கேட்டேன். குழம்புக்கு வேணும் இல்லையா என்றார். அவ்வளவுதான் பதில். அவர் காலி பண்ணின பிறகு அந்தத் தெருவில் பத்து வீட்டுக்கு அந்த மரத்திலிருந்துதான் கறிவேப்பிலை போயிற்று. அவர் வாடகை பாக்கி வைத்தாரா, இல்லையா என்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

பீனார் பிரான்ஸில் மோன்பெலியேவுக்குப் போய் இரண்டு வருடம் ஆடினார். அப்புறம் பிறந்த ஊரான புளூம்ஃபான்டெய்னுக்கே திரும்பி சீட்டாஸ் அணியில் சேர்ந்தார். அவர் அப்பா கைசி பீனாரும் தென்னாப்பிரிக்காவுக்கு ஆடியவர், அதே ஊரில் பெயர் எடுத்தவர்.

அடுத்த முறை அந்த வீட்டுக்குப் போனால் லெஸ்டர் ஆட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். 22 புள்ளிகளும் எப்படி வந்தன என்று மேசை மேல் உப்புக் குப்பியையும் மிளகுக் குப்பியையும் நகர்த்திக் காட்டுவார், எனக்கு அந்த ஆட்களைத் தெரியும். 2019 அக்டோபரில் சீட்டாஸ் அணி தன் ஊருக்கு வந்த அல்ஸ்டரை 63-26 என்று அடித்தது. அதை மட்டும் வாயெடுத்துவிடாதீர்கள். சாப்பாடு போடமாட்டார்.

அன்புடன்.