சாய்தளம் கட்டியாச்சு, ஆனால் ஏற முடியவில்லை!

போன இதழில் ஒரு சின்ன சம்பவம் எழுதியிருந்தேன். தருமபுரி பக்கம் ஓர் அலுவலக வாசலில், சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெண்ணை நாற்காலியோடு சேர்த்து நாலு பேர் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். நல்ல மனசோடுதான் தூக்கினார்கள், ஆனால் மேலே போய்ச் சேரும்வரை அந்தப் பெண் யாரையும் பார்க்காமல் முகத்தைத் திருப்பியே வைத்திருந்தார். அந்தப் படிகளுக்குப் பக்கத்திலேயே ஒரு சாய்தளமும் இருந்தது, யாராலும் ஏற முடியாத ஒன்று. அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள், அதனால் இந்த இதழ் முழுக்க இதே பேச்சுதான்.

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்துக்கும் ரேஷன் கடைக்கும் சாய்தளம் கட்ட இளைஞர்கள் சேர்ந்து பணம் திரட்டியிருக்கிறோம். இரண்டு இடத்திலும் மூன்று படிகள். இடம் குறைவு, ஆறு அடியில் முடித்துவிடலாம் என்கிறார் கொத்தனார். கட்டலாமா?
— ஒரு வாசகர், பாலக்கோடு வட்டம்

பதில்: கட்டாதீர்கள் தம்பி. முதலில் டேப்பை எடுத்துப் படிகளின் மொத்த உயரத்தை அளந்து பாருங்கள். ஒரு படி ஆறு அங்குலம் என்றால் மூன்று படிக்குப் பதினெட்டு அங்குலம். ஓர் அங்குலம் உயர வேண்டுமானால் தரையில் பன்னிரண்டு அங்குலம் நீள வேண்டும், கட்டட விதிகளில் 1:12 என்று போட்டிருப்பது இதைத்தான். அப்படிப் பார்த்தால் உங்களுக்குப் பதினெட்டு அடி சாய்தளம் தேவை. ஆறு அடியில் கட்டினால் 1:4 ஆகிவிடும், அதில் தனியாக ஏற யாராலும் முடியாது, பின்னால் ஒருவர் தள்ளினாலும் மூச்சு வாங்கும், இறங்கும்போது நாற்காலி கையை மீறி ஓடிவிடும். மழை நாளில் கேட்கவே வேண்டாம்.

பதினெட்டு அடிக்கு நேராக இடமில்லை என்றால் மடக்கிக் கட்டலாம். சுவரை ஒட்டி ஒன்பது அடி போய், ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் ஒன்று விட்டு, அங்கே திரும்பி மறுபடி ஒன்பது அடி. அந்தச் சமதளத்தை மட்டும் எதற்காகவும் குறைக்காதீர்கள், நாற்காலி திரும்புவதே அங்கேதான். அகலம் நாலு அடியாவது இருக்கட்டும், இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி போடுங்கள், சக்கரம் விளிம்பிலிருந்து நழுவாமல் இருக்க ஓரத்தில் சின்னதாக ஒரு திட்டும் வேண்டும். கதவு திறப்பு மூன்று அடிக்குக் குறையக் கூடாது, ஏனென்றால் அழகாகச் சாய்தளம் கட்டிவிட்டு வாசலில் இரண்டரை அடிக் கதவு வைத்த இடங்களை நானே பார்த்திருக்கிறேன்.

அப்புறம் தரை. நம் கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் கிரானைட்டுக்குப் பஞ்சமில்லை, யாராவது நல்லெண்ணத்தில் பாலிஷ் போட்ட கல்லை நன்கொடையாகத் தர முன்வருவார்கள். கும்பிட்டு மறுத்துவிடுங்கள். கண்ணாடி மாதிரி கல்லில் ஊன்றுகோல் வழுக்கும், காலிப்பர் (காலைத் தாங்கக் கட்டும் கம்பிப் பட்டை) போட்டவர் விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். கல்தான் வேண்டுமென்றால், தீயில் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கல்லாகக் கேளுங்கள், பட்டறைக்காரர்களுக்கு அது தெரியும். இல்லையென்றால் துடைப்பத்தால் கோடு இழுத்த சிமென்ட் தரையே போதும்.

சாய்தளம் தொடங்கும் இடத்தில் சாக்கடை திறந்து கிடக்கிறதா, பைக் நிறுத்துகிறார்களா என்பதையும் பார்த்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் ஊரில் சக்கர நாற்காலியில் போகிறவரையும் தவழ்ந்து போகிறவரையும் ஊன்றுகோல் வைத்திருப்பவரையும் கூட்டிவந்து, தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டி, இப்படிக் கட்டினால் சரியா என்று கேளுங்கள். கொத்தனாருக்குக் கட்டத் தெரியும், ஆனால் எதில் ஏற முடியும் என்பது ஏறுகிறவருக்குத்தான் தெரியும். பணம் இரண்டுக்கும் போதவில்லை என்றால் ஒன்றை மட்டும் ஒழுங்காகக் கட்டுங்கள்.

ரேஷன் கடை பற்றி இன்னொன்று. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொடுக்க ஏற்பாடானது, அதனால் இனி ரேஷன் கடைக்குச் சாய்தளம் எதற்கு என்று உங்கள் ஊரிலேயே யாராவது கேட்பார்கள். வீட்டுக்கு அரிசி வருவது நல்ல உதவிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ரேஷன் கடை வரிசையில் அரிசியோடு சேர்த்து ஊர்ச் செய்தியும் கிடைக்கும், நாலு முகத்தைப் பார்க்கலாம், இரண்டு வார்த்தை பேசலாம், அதையும் ஒருவர் விரும்பக்கூடும் இல்லையா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. சிறு வயதிலிருந்து போர்த் தண்ணீர்தான். பல்லெல்லாம் காவி, முதுகு வளைந்துவிட்டது, முழங்கால் மடங்காது. எல்லோரும் வயசானால் இப்படித்தான் என்கிறார்கள். கழிப்பறையில் உட்கார முடியாமல் தினமும் சிரமப்படுகிறார், வெளியே போவதையே விட்டுவிட்டார். இவருக்கும் மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்குமா?
— ஒரு வாசகி, பென்னாகரம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் தாயார்தான் கண்ணுக்கு வந்தார். அவரும் காரிமங்கலம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். கடைசிப் பத்து வருடம் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பித்தான் எங்களைப் பார்ப்பார், அதை நாங்களும் வயசு என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

உங்கள் அப்பாவுக்கு இருப்பது ஃபுளோரோசிஸ் ஆக இருக்கலாம், டாக்டர் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல வேண்டும். நம் இரண்டு மாவட்டத்துப் பாறைகளிலேயே ஃபுளோரைடு இருக்கிறது, அது ஊறி நிலத்தடி நீருக்கு வருகிறது. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் உள்ள தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் முதலில் பல்லில் தெரியும், அப்புறம் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. இதற்காகத்தான் ஏறக்குறைய 1,900 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்தார்கள், 2013-ல் தண்ணீர் வந்தது. வீட்டுக் குழந்தைகளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீரையே கொடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் நாற்பது ஐம்பது வருடம் குடித்தவர்களின் முதுகு இனி நிமிராது, அவர்களுக்கு ஏற்ற மாதிரி நாம்தான் வீட்டையும் தெருவையும் மாற்ற வேண்டும்.

அட்டை விஷயம்: 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. உங்கள் அப்பா மாதிரி உள்ளவர்களுக்கு நோயின் பெயரை வைத்துப் பார்க்க மாட்டார்கள், கை கால் மூட்டு எவ்வளவு இயங்குகிறது என்று அரசு மருத்துவமனையில் பரிசோதித்துச் சதவீதம் போடுவார்கள், 40 அல்லது அதற்கு மேல் வந்தால் பெரும்பாலான சலுகைகளுக்கு வழி திறக்கும். தனித்துவ அடையாள அட்டைக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் கலெக்டர் அலுவலக வளாகத்திலேயே இருக்கிறது, முகாம் என்றைக்கு என்று அங்கே கேட்டுக்கொண்டு போனால் வீண் அலைச்சல் மிச்சமாகும்.

அட்டை வரும்வரை கழிப்பறையை அப்படியே விட்டுவிடாதீர்கள். இருக்கிற கழிப்பறைக்கு மேலேயே வைக்கிற மாதிரி நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி, கமோடு சேர் என்று மருந்துக் கடைகளில் கிடைக்கும், அதை இந்த வாரமே வாங்கிவிடுங்கள். பக்கச் சுவரில் உட்கார்ந்த நிலையில் கை எட்டும் உயரத்தில் ஒரு இரும்புக் குழாயைப் பலமாகப் பதியுங்கள், துண்டு போடுகிற கம்பி உடம்புப் பாரத்தைத் தாங்காது. கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கிற கதவைத் தள்ளவே முடியாது. தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்கிற மாதிரி இருந்தால் நல்லது.

அவர் வெளியே போகாமல் இருப்பதற்கு நடை மட்டும் காரணமில்லை என்று தோன்றுகிறது. முழங்கால் மடங்காதவரால் தாழ்ந்த திண்ணையிலோ டீக்கடை முக்காலியிலோ உட்கார்ந்து எழ முடியாது, உட்கார இடமில்லாத ஊருக்குள் அவர் எவ்வளவு நேரம் நிற்பார்? தெருமுனையில் முதுகு சாயவும் கை ஊன்றவும் வசதியான, கொஞ்சம் உயரமான பெஞ்சு ஒன்று போடச் சொல்லிக் கேளுங்கள், கிடைக்காவிட்டால் உங்கள் வாசலில் நீங்களே ஒன்று போடுங்கள். உங்கள் ஊரில் அவரைப் போல இன்னும் பத்துப் பேராவது இருப்பார்கள்.

கேள்வி: ஊரில் ஒரே ஒருவர்தான் சக்கர நாற்காலியில் போகிறார். அவருக்காக எல்லாக் கட்டடத்தையும் இடித்து மாற்ற வேண்டுமா?
— பெயர் வேண்டாம், காவேரிப்பட்டணம்

பதில்: உங்கள் கண்ணில் படுகிறவர் ஒருவர், ஐயா. கண்ணில் படாதவர்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள், ஏன் என்று மேலே உள்ள கடிதத்தைப் படித்தால் தெரியும். சரி, ஒருவர்தான் என்றே வைத்துக்கொள்வோம், அந்த ஒருவருக்காகவும் மேலே சொன்ன 2016-ம் ஆண்டுச் சட்டம் பேசுகிறது. பழைய பொதுக் கட்டடங்களை விதிகள் வந்த ஐந்து ஆண்டுக்குள் மாற்ற வேண்டும் என்று சொன்னது, விதிகள் வந்தது 2017-ல், அந்தக் கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. புதிதாகக் கட்டுவதற்கு இந்த வசதி இல்லாமல் அனுமதியே கொடுக்கக் கூடாது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

பாப்பாரப்பட்டியில் விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருக்கிறது, போயிருப்பீர்கள். சிறையில் தொழுநோய் தொற்றி வெளியே வந்த மனிதரை ரயிலில் ஏறக் கூடாது என்று வெள்ளைக்கார அரசு தடுத்தது. புண்ணான காலோடு ஊர் ஊராக நடந்தார், 1925 ஜூலை 23-ல் நம் மண்ணில்தான் கண்ணை மூடினார். அந்த ரயில் கதவைப் பற்றிப் பேசும்போது நமக்கெல்லாம் கோபம் வருகிறது. நம் ஊர் நூலகத்தின் மூன்று படிகளைப் பார்த்தும் அதே கோபம் வர வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: எனக்குப் பார்வை இல்லை, கல்லூரியில் படிக்கிறேன். பேருந்து நிலையத்தில் தினமும் இது எந்த பஸ் என்று பத்துப் பேரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. சிலர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வேறு பஸ்ஸில் ஏற்றிவிடுகிறார்கள்.
— ஒரு மாணவி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: இதில் பெரிய செலவே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். ஒவ்வொரு தடத்துக்கும் ஓர் இடம் என்று ஒதுக்கி, பஸ் தினமும் அதே இடத்தில் நின்றால் நீங்கள் எண்ணி நடந்தே போய்விடுவீர்கள். கிளம்பும்முன் நடத்துநர் ஊர் பெயரை இரண்டு முறை சத்தமாகச் சொன்னால் போதும். தரையில் பதித்திருக்கும் மேடு வைத்த மஞ்சள் ஓடுகள் அழகுக்காகப் போட்டவை அல்ல, அதன்மேல் பூக்கூடை வைக்காதீர்கள், வண்டி நிறுத்தாதீர்கள், கோலை ஊன்றி வருகிறவருக்கு அதுதான் பாதை. உங்கள் தோழிகள் நாலு பேரோடு நிலைய மேலாளரைப் பார்த்து இதை எழுத்தில் கொடுங்கள் மகளே.

படிக்கிற மற்றவர்களுக்கு: கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உதவி வேண்டுமா என்று கேளுங்கள், வேண்டும் என்றால் உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும். பேச்சை முடித்துக் கிளம்பும்போது கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் ஆளில்லாத இடத்தில் அவர் பேசிக்கொண்டு நிற்பார்.

கேள்வி: மாரியம்மன் பண்டிகைக்கு மகனைச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போனேன். தெருவில் உருண்ட சக்கரம் உள்ளே வரக் கூடாது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அவன் அழுதுவிட்டான்.
— ஒரு தாய், ஊத்தங்கரை

பதில்: உங்கள் மகனுக்கு அந்தச் சக்கரம்தான் கால், அம்மா. எல்லோரும் கால் கழுவிவிட்டு உள்ளே போகிற மாதிரி சக்கரத்தையும் கழுவித் துடைத்துவிட்டுப் போகலாம். அதற்கும் சம்மதிக்கவில்லை என்றால் கோயிலுக்கென்றே ஒரு நாற்காலி வாங்கி உள்ளே வைக்கச் சொல்லுங்கள், வாசலில் மாற்றி உட்கார வைத்தால் போயிற்று. தனியாகப் போய்ப் பேசாதீர்கள், ஊர்ப் பெரியவர் ஒருவரையும் கூட்டிப் போங்கள், அடுத்த பண்டிகைக்குக் கூட்டம் போடும்போதே போங்கள். மகனையும் கூட்டிப் போங்கள். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுப்பது அவ்வளவு சுலபமாக இருக்காது.

கேள்வி: இதையெல்லாம் யாரிடம் சொல்வது? மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துவிட்டது.
— ஒரு வாசகர், அரூர்

பதில்: அலுப்பு நியாயமானது. ஆனால் "வசதி செய்து தரவும்" என்று பொதுவாக எழுதிய மனு பொதுவான பதிலோடு திரும்பி வரும். எந்தக் கட்டடம், எத்தனை படி, எவ்வளவு உயரம், கதவு எத்தனை அங்குலம், இதனால் எந்த வேலைக்கு யார் போக முடியவில்லை என்று எழுதி போட்டோவும் வைத்துத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஒவ்வோர் அரசு அலுவலகத்திலும் மாற்றுத்திறனாளிகளின் புகாருக்கென்று ஓர் அலுவலர் இருக்க வேண்டும் என்று அதே 2016-ம் ஆண்டுச் சட்டத்தின் 23-ம் பிரிவு சொல்கிறது, இங்கே அவர் யார் என்று கேளுங்கள். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளி ஒருவரை நியமன உறுப்பினராக்க 2025-ல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தியிருக்கிறார்கள், உங்கள் ஊராட்சிக்கு யாரையாவது நியமித்திருக்கிறார்களா என்றும் கேட்டு வையுங்கள்.

கிராம சபையை விட்டுவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது. அடுத்த கூட்டம் எந்த இடத்தில் என்று முன்கூட்டியே விசாரியுங்கள். படியேறிப் போகிற மண்டபம் என்று தெரிந்தால், கூட்டத்தைப் பள்ளி மைதானத்துக்கோ வேப்ப மரத்தடிக்கோ மாற்றச் சொல்லி ஒரு வாரம் முன்னாலேயே எழுதிக் கொடுங்கள், அதுவே உங்கள் முதல் மனுவாக இருக்கட்டும். மற்ற மனுக்களை அவரவர் நேரில் வந்து கொடுப்பார்கள்.