தியேட்டரில் எல்லோரும் அழுத படம் எனக்கு மட்டும் எரிச்சலாக இருந்தது. கோளாறு என்னிடமா?

கேட்டவர் எழுதியிருப்பது இவ்வளவுதான்: சமீபத்தில் நண்பர்களோடு ஒரு படம் பார்த்தேன், பக்கத்தில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு எப்போது முடியும் என்றிருந்தது, என் ரசனையில் ஏதாவது கோளாறா? ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களில் பாதிப் பேர் உங்களுக்கு மனசே இல்லை என்கிறார்கள். மீதிப் பேர், கூட்டம் அழுதால் நாமும் அழ வேண்டுமா என்று உங்களுக்காகக் கொடி பிடிக்கிறார்கள். ஒருவராவது எந்தத் தியேட்டரில் பார்த்தீர்கள் என்று கேட்டிருக்கலாம்.

படத்தின் பெயரை நீங்கள் சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை. போன தடவை ஒரு படத்தைப் பெயர் சொல்லி ‘சுமார்’ என்று ஒரே ஒரு வார்த்தை எழுதினேன். வந்த வசவுகளைப் படித்து முடிக்கவே இரண்டு நாள் ஆயிற்று. மூன்று வாரத்துக்கு முன்னால் நான் பார்த்த அதே படத்தைத்தான் நீங்களும் பார்த்திருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அப்பா, மகள், பெரும்பாலும் ராத்திரிக் காட்சிகள். வேறு படம் என்றாலும் பரவாயில்லை, என் பதில் மாறாது.

என்னை அழைத்துப்போனது என் மகள். அவள் ஏற்கெனவே வேறொரு தியேட்டரில் பார்த்து, அழுது, “அப்பா, நீங்க பார்த்தே ஆகணும்” என்று டிக்கெட் எடுத்துவிட்டாள். எங்களுக்குக் கிடைத்தது வேறு தியேட்டர். படம் ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் எனக்குக் கொட்டாவி வந்தது. எல்லாமே இருட்டு. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, அந்தக் குரலும் தெளிவாகக் கேட்கவில்லை. கடைசியில் ஒரு காட்சி. மகள் நள்ளிரவில் வீட்டுக்கு வருகிறாள், அப்பா படுத்திருக்கிறார், அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ முணுமுணுக்கிறாள், எழுந்து போய்விடுகிறாள். கேமரா அப்பாவை விட்டு நகரவே இல்லை. இரண்டு நிமிடம் ஒரு மனிதன் தூங்குவதைக் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு வலப்பக்கம் என் மகள் விசும்புகிறாள். நான் வெளியே போகும் கதவு எங்கே என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வெளியே வந்ததும், “எப்படிப்பா இருந்தது?” என்றாள்.

“லைட் வாங்கக் காசில்லையாம்மா அந்த டைரக்டருக்கு?” என்றேன்.

அதற்கப்புறம் வீடு வரும்வரை அவள் பேசவில்லை. நானும் அத்தோடு விட்டிருக்கலாம். விடாமல், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீளமாக ஒரு விமர்சனம் எழுதினேன். “ஒரு ஆள் தூங்குவதைப் பார்க்க நான் எதற்கு டிக்கெட் எடுக்க வேண்டும், நானே போய்த் தூங்குகிறேனே” என்று முடித்திருந்தேன். என் அக்கா சிரித்தார், மச்சான் கைதட்டினார். மகள் படித்துவிட்டாள் என்பதற்கு நீல டிக் வந்தது. பதில் வரவில்லை.

இப்போது நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் பத்தொன்பது வருடம் தியேட்டர் ஆபரேட்டராக இருந்தவன்.

திரையில் வெளிச்சம் குறைந்தால் முதலில் உறுத்த வேண்டியது என் கண்ணுக்கு. உறுத்தவில்லை. இருட்டுக்குள் கால் மணி நேரம் உட்கார்ந்தால் கண் எந்த மங்கலுக்கும் பழகிக்கொள்ளும் என்பது ஒரு காரணம். டிஜிட்டல் வந்ததிலிருந்து எந்தப் படம் பார்த்தாலும் குறை கண்டுபிடிக்கிற புத்தி எனக்கு இருக்கிறது என்பது இன்னொரு காரணம். பழி போட டைரக்டர் கைக்கு வசதியாகக் கிடைத்தார்.

மூன்று நாள் கழித்து ராத்திரியில் திடீரென்று அந்தப் படத்தின் ஒரு பகல் காட்சி நினைவுக்கு வந்தது. நடுவெயிலில் ஒரு வெள்ளைச் சுவர். அந்தச் சுவர் எனக்குச் சாம்பல் நிறமாகத் தெரிந்தது, ஓரங்களில் இன்னும் அழுக்காக. எந்த ஒளிப்பதிவாளரும் வெயிலில் வெள்ளைச் சுவரை அப்படி எடுக்க மாட்டார். பல்பு!

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், தெரிந்தவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம். டிஜிட்டல் படத்துக்குத் திரையின் நடுவில் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா என்றாலும் அதேதான். படத்துக்கு நிறம் திருத்துகிறவர்கள் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் திருத்துகிறார்கள். எவ்வளவு இருட்டினால் முகம் தெரியும், எவ்வளவு இருட்டினால் தெரியாது என்று அவர்கள் முடிவு செய்வதும் அதை நம்பித்தான். ப்ரொஜெக்டருக்குள் எரியும் செனான் பல்பு நாளாக ஆக மங்கும். விலை அதிகம் என்பதால் அதன் காலம் முடிந்தும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பளிச்சென்ற பாட்டும் சண்டையும் மங்கலிலும் எப்படியோ தேறிவிடும். ராத்திரிக் காட்சிதான் மொத்தமாகப் போய்விடும். இதில் 3டி வேறு. சில வகை ப்ரொஜெக்டர்களில் 3டி படத்துக்கு மாட்டிய லென்ஸைக் கழற்றாமல் சாதாரணப் படத்தை ஓட்டினால் வெளிச்சத்தில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும்.

சத்தமும் இதே கதைதான். ஆபரேட்டர் ரூமில் இருக்கும் ஒலிப் பெட்டியில் 0 முதல் 10 வரை ஒரு திருகு இருக்கும். 7இல் வைத்தால், ஒலிக்கலவை செய்தவர் தன் அறையில் என்ன கேட்டாரோ அதே அளவு இங்கேயும் கேட்க வேண்டும், அப்படித்தான் அளந்து வைத்திருப்பார்கள். ஆனால் படத்துக்கு முன்னால் போடும் ட்ரெய்லரும் விளம்பரமும் காதைக் கிழிக்கும். யாராவது வெளியே வந்து புகார் சொல்வார்கள். உடனே 5க்கு இறக்குவார்கள். அப்புறம் படம் ஆரம்பிக்கும், திருகை யாரும் திரும்ப ஏற்ற மாட்டார்கள். முணுமுணுப்பு வசனம் காற்றில் போகும். பார்க்கிறவர் நடிகைக்கு உச்சரிப்பு சரியில்லை என்று எழுதுவார். நானும் எழுதினேன்.

எங்கள் காலத்தில் தப்பே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பிலிம் அறுந்திருக்கிறது, நானே ரீலை மாற்றி மாட்டிச் செத்துப்போன வில்லனை எழுப்பி நடக்க விட்டிருக்கிறேன். ஆனால் தப்பு நடந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும், ஏனென்றால் நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தே ஆக வேண்டும். 2000 அடி ரீல் 22 நிமிடம் ஓடும். முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வந்து போகும், ரீல் முடிய எட்டு விநாடி இருக்கும்போது. அப்போது, அடுத்த ரீலை மாட்டி வைத்திருக்கும் இரண்டாவது மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். ஏழு விநாடி கழித்து இரண்டாவது புள்ளி, அதில் படத்தை அந்த மெஷினுக்கு மாற்றிவிட வேண்டும். அந்தப் புள்ளிகள் நான்கே நான்கு ஃபிரேம் இருக்கும், அதாவது விநாடியில் ஆறில் ஒரு பங்கு. என் மனைவி இன்றைக்கும் சொல்வாள், டிவியில் பழைய படம் பார்க்கும்போதுகூட நான் வலது மூலையைத்தான் பார்க்கிறேனாம்.

இன்னொன்றும் சொல்கிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை. படம் முடிந்ததும் பெயர்கள் ஓடுகிறதே, அதில் கார் ஓட்டியவர் பெயர் வரும், சாப்பாடு கொடுத்தவர் பெயர் வரும். நல்லது, வரட்டும். அந்தப் படத்தை உங்கள் கண்ணுக்குக் கொண்டுவந்து சேர்த்தவனுடைய பெயர் எந்தப் படத்திலாவது வந்திருக்கிறதா? படம் நன்றாக ஓடினால் நாங்கள் இருப்பதே தெரியாது. ஃபோகஸ் கொஞ்சம் நழுவினால் ஆயிரம் தலை பின்னால் திரும்பி அந்தச் சின்ன ஜன்னலைப் பார்த்துக் கத்தும். அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்த புகழ். பிலிம் போகிறது என்று தெரிந்த வருடம் நான் வேலையை விட்டேன். சரியாகச் சொன்னால், விடச் சொன்னார்கள். அது 2012. அடுத்த வருடம் ஃபியூஜிஃபிலிம் சினிமா பிலிம் தயாரிப்பதையே நிறுத்தியது. சரி, அது பெரிய கதை, இங்கே வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளைச் சுவர் நினைவுக்கு வந்த வாரமே, வீட்டில் யாரிடமும் சொல்லாமல், மகள் முதலில் பார்த்த அந்தத் தியேட்டரைத் தேடிப் பகல் காட்சிக்குப் போனேன். கூட்டம் இல்லை. திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடுவில் உட்கார்ந்தேன். ஒலியை அளந்து சரிசெய்கிறவர்கள் மைக் வைப்பது ஏறக்குறைய அந்த இடத்தில்தான்.

சுவர் வெள்ளையாக இருந்தது.

அப்புறம் அந்தத் தூங்கும் காட்சி. அவர் தூங்கவே இல்லை. கண் திறந்திருக்கிறது. மகள் வரும் சத்தம் கேட்டுத் தூங்குவதுபோல் மூடிக்கொள்கிறார், அவள் எழுந்து போனதும் திறக்கிறார். அந்த இரண்டு நிமிடமும் அவர் கண்ணில் ஒரு சின்ன ஈரப் பொட்டு மினுங்கிக்கொண்டே இருக்கிறது. அவள் முணுமுணுத்தது இந்தத் தடவை கேட்டது. “தூங்கிட்டியாப்பா? சரி, நாளைக்குச் சொல்றேன்.” அவ்வளவுதான். முழுப் படமும் அந்தப் பொட்டை வைத்துத்தான் எடுத்திருக்கிறார்கள். நான் பார்த்த தியேட்டரில் அந்தப் பொட்டே இல்லை.

கடைசி ஷோ முடித்து நான் வீட்டுக்கு வரும்போது மணி ஒன்றைத் தாண்டியிருக்கும். என் மகள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். தூங்குகிறாள் என்றுதான் அத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

நான் அழுதேனா என்று கேட்காதீர்கள். மூக்கு கொஞ்சம் அடைத்தது, ஏசி அதிகம்.

படம் பிடிக்காத எல்லோருக்கும் பல்பு மங்கல் என்று நான் சொல்லவில்லை. இப்படி ஒருவர் வந்து கேலி செய்வார் என்று தெரியும், அதனால் முன்கூட்டியே எழுதிவிடுகிறேன். அந்தப் படத்தில் கடை முதலாளி வரும் பகுதி இரண்டாவது தடவையும் எனக்குப் பிடிக்கவில்லை, எந்த வெளிச்சத்தில் பார்த்தாலும் அது நீளம்தான். அதே மங்கல் தியேட்டரில்தான் என் மகள் இரண்டாவது தடவையும் அழுதாள் என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கண் திறந்திருக்கிறது என்று அவளுக்கு முன்பே தெரியும். திரையில் இல்லாததை நினைவிலிருந்து போட்டுக்கொண்டாள்.

அழுததாகச் சொல்கிறவர்கள் எல்லோரும் அழுதவர்கள் என்றும் நம்பாதீர்கள். லூமியேர் சகோதரர்கள் 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள், திரையில் ரயில் வந்ததும் ஜனங்கள் அலறி ஓடினார்கள் என்று படித்திருப்பீர்கள். அன்றைக்குக் காட்டிய படங்களில் அந்த ரயில் படமே கிடையாது. அது அடுத்த மாதம்தான் காட்டப்பட்டது. அப்போதும் ஓடியதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. தியேட்டரில் மற்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கதை கட்டுவது சினிமாவில் பழைய பழக்கம்.

அதனால் உங்களிடம் நான் கேட்பது இதுதான். அந்தப் படத்தில் நடிகர்களின் கண் உங்களுக்குத் தெரிந்ததா? வெள்ளைச் சட்டை வெள்ளையாக இருந்ததா? வசனம் புரியாமல் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டீர்களா? எல்லாம் சரியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால் உங்களுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இல்லையென்றால் நல்ல தியேட்டராகப் பார்த்து இன்னொரு தடவை போய்வாருங்கள். மங்கலாகத் தெரிந்தால் படம் முடியும்வரை காத்திருக்காமல் முதல் ஐந்து நிமிடத்திலேயே எழுந்து போய் மரியாதையாகச் சொல்லுங்கள். மங்கல் தியேட்டருக்கு நானும் போய்ச் சொன்னேன். அங்கே இருந்த பையன் ஒருவனே ஐந்து திரைகளைப் பார்க்கிறான். அவனைத் திட்ட மனசு வரவில்லை. குறித்துக்கொண்டான். மாற்றினார்களா என்று தெரியாது.

இரண்டாவது தடவை போனதை நான் மகளிடம் சொல்லவில்லை. டிக்கெட்டைச் சட்டைப் பையிலேயே விட்டிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கப் போட்டவள் அவள்தான். குடும்பக் குழுவில் என் நீள விமர்சனத்துக்குப் பதிலாக அந்த டிக்கெட்டின் படம் வந்தது, தேதி தெரியும்படி. கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அக்கா மட்டும் கேட்டார், “என்னடா இது?”