பட்டியல் போதாதா?

வணக்கம் ஐயா. முப்பரிமாண லீ அட்சரகணிதங்களை (மூன்று அடிப்படை அசைவுகளைக் கொண்ட கணித அமைப்புகளை) இத்தாலியக் கணிதவியலாளர் பியாங்கி 1898இலேயே ஒன்பது வகையாகப் பிரித்துவிட்டார். அப்படியிருக்க, அவையெல்லாம் சேர்ந்து ஒரு வெளி, அதற்கும் கேத்திரகணிதம் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். பட்டியல் போதாதா?
ம., ஒட்டுசுட்டான்

அன்புள்ள தம்பி,

போதாது. பட்டியலைப் பார்த்தால் யாருக்கு யார் பக்கத்து வளவு என்று தெரியாது. (ஆறாம், ஏழாம் வகைகள் ஒவ்வொன்றும் ஓர் எண் மாற மாற நீளும் முடிவில்லாத குடும்பங்கள் என்பதும் இருக்கிறது.)

இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல்வெளியில் நிற்பவருக்கு மூன்று அசைவுகள்: வடக்கே நகரலாம், கிழக்கே நகரலாம், நின்ற இடத்தில் திரும்பலாம். இவை ஒரு முப்பரிமாண லீ அட்சரகணிதம். நிலம் தட்டையென்றால் வடக்கே போய்க் கிழக்கே போனாலும், கிழக்கே போய் வடக்கே போனாலும் சேரும் இடம் ஒன்றுதான். ஆகவே இரு நகர்வுகளின் அடைப்பு, அதாவது வரிசை மாற்றினால் வரும் வித்தியாசம், பூச்சியம். பூமி உருண்டை என்று கணக்கெடுத்தால் அந்த அடைப்பு, திரும்பலின் ஒரு சிறு மடங்கு. ஆரை 6371 கி.மீ.; அதன் வர்க்கம் ஏறத்தாழ நாலு கோடி; மடங்கு அதன் தலைகீழ். காணி அளக்க வருகிறவர் இதைக் கவனிக்கவே மாட்டார்.

அந்த மடங்கு எவ்வளவு சிறிதானாலும் பூச்சியத்துக்கு மேலே இருக்கும்வரை நமக்குக் கிடைப்பது கோளச் சுழற்சிகள்தான். பூச்சியத்தைத் தொட்டதும் வகையே மாறிவிடும். மறையெண்ணுக்குப் போனால், எங்கும் சேணம்போல் வளைந்த அதிபரவளைவுத் தளம். இனோனுவும் விக்னரும் 1953இல் பௌதிகத்துக்காக ஆராய்ந்தது இப்படியான எல்லைகளைத்தான்.

இனி முழு வெளி. இதன் ஒவ்வொரு புள்ளியும் ஓர் அட்சரகணிதம். அடைப்பை எழுத 9 எண்கள் வேண்டும்: 6 எண்ணுள்ள ஒரு சமச்சீர்த் தாயம், 3 எண்ணுள்ள ஒரு காவி. லீ அட்சரகணிதத்தின் அடைப்பு நிறைவேற்றியே ஆகவேண்டிய யாக்கோபி நிபந்தனை கேட்பது ஒன்றே ஒன்று: தாயத்தைக் காவியால் பெருக்கினால் பூச்சியம் வரவேண்டும். உயர்தரக் கணிதமே போதும், இது எனக்கு இன்றைக்கும் அதிசயம்தான்! காவி பூச்சியமென்றால் எந்தத் தாயமும் சரி. அது 6 பரிமாணத் துண்டு. காவி பூச்சியமில்லையென்றால் தாயத்தின் துணிகோவை பூச்சியமாகியே தீரும். அதுவும் 6 பரிமாணம்தான், ஆனால் வளைந்த துண்டு. காவியும் துணிகோவையும் சேர்ந்து பூச்சியமாகும் 5 பரிமாண இடத்தில் இரண்டும் முட்டுகின்றன. நம் வயல்வெளி கிடப்பது அந்தச் சந்தியில். அங்கிருந்து கோளத்துக்கும் போகலாம், அதிபரவளைவுக்கும் போகலாம். இரண்டாம் துண்டுக்குள் இறங்கினால் திரும்பலோடு பெருத்தலும் சேர்ந்து சுருளாகிவிடும்.

சிக்கலெண்களில் நாலு பரிமாணத்துக்குத் துண்டுகள் 4. அதற்கு முன் இரண்டு பரிமாணத்தை நீங்களே போட்டுப் பாருங்கள்: இரண்டே எண்கள், யாக்கோபி தானாகவே நிறைவேறும், உற்பத்திப் புள்ளியை (0, 0) தவிர மற்றப் புள்ளிகள் எல்லாம் ஒரே அட்சரகணிதம். ஏன் என்று எழுதி அனுப்புங்கள்.